எச்சம்

கோமாஸ் மேட்டுநிலத்தில்
நிலா இல்லாத நேரம்தான் எங்கள் வேலைநேரம்.
வண்டி விளக்குகளில் சிவப்புத் தாள் ஒட்டி
முதல் கியரில் ஊர்ந்து வருவார் யோவாகிம் ஃபோக்ட்ஸ்,
பக்கத்துப் பண்ணைக்காரர்.
"என் ஆடுகள் மேலே அப்படி என்னதான் விழுகிறது?"

விழத்தான் செய்கிறது.
உங்கள் சுண்டுவிரல் நகத்தின் வழியே
நிமிடத்துக்கு ஒன்று, ஏறக்குறைய.
தகரக் கூரை, தூங்கும் நாய், சினையாட்டின் வயிறு,
எதையும் அது தட்டிவிட்டு வருவதில்லை.

தேள்மண்டலத்தின் வாலருகே ஒரு விண்மீன்
வெடித்து,
விரிந்து,
வழியில் கிடந்த வாயுவையெல்லாம் வாரிச் சுருட்டி,
அதிர்ச்சி அலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக
ஒரு புரோட்டானைத் துரத்தித் துரத்தி,
ஒவ்வொரு கடப்புக்கும் கொஞ்சம் வேகம் கொடுத்து

பாருங்கள், வாக்கியம் முடியவில்லை.
முடியாத வினைக்கு என் மொழியில் என்ன பெயரோ
அதேதான் வெடித்த மீனின் மிச்சத்துக்கும்.
நெசவுக்குருவிகள் எங்கள் கண்ணாடிகளில்
விட்டுப்போவதற்கும் அதேதான்.
தினமும் அதைத் துடைப்பவரிடம் இதைச் சொன்னேன்,
என் அரைகுறை ஆஃப்ரிகான்ஸில்.
"உங்கள் மொழிக்குச் சொல் பஞ்சமா?" என்றார்
மாக்தலேனா ஹமுக்வாயா.

துரத்தப்பட்ட புரோட்டான் ஒருநாள் வேலி தாண்டும்.
மின்னேற்றம் சுமந்த உடம்பு.
பால்வெளியின் ஒவ்வொரு காந்தப்புலமும்
தோளைப் பிடித்துத் திருப்பும்.
பல லட்சம் ஆண்டு அலைந்து இங்கே இறங்கும்போது
எந்தத் திசையைக் காட்டுகிறதோ
அந்தத் திசை பொய்.

தெர்மோஸ் மூடியைத் திருகியபடி சொன்னார்:
"என் அப்பாவைப் போல."
ஒப்பந்தக் கூலி.
ட்சுமேப்பில் செம்பு, வால்விஸ் பேயில் மீன்,
தெற்கே எங்கோ காரகுல் ஆடு.
ஒவ்வொரு முதலாளியும் தன் வாய்க்கு வாகாக ஒரு பெயர் வைத்தான்.
சிக்ஸ்பென்ஸ். யோனாஸ். ஃப்ரைடாக்.
செத்தபோது, கடைசிப் பண்ணையின் பெயரையே
சொந்த ஊர் என்று எழுதிவிட்டார்கள்.

சில புரோட்டான்கள் அவ்வளவு தூரம் போவதில்லை என்றேன்.
ஓட்டை ஒட்டிய மேகத்தில் மோதிவிடும்.
மோதலில் ஒரு பையான் பிறந்து
பிறந்த வேகத்தில் சிதைந்து காமாக் கதிராகும்.
அதற்கு மின்னேற்றம் கிடையாது.
எந்தக் காந்தமும் பிடிக்கத் தோள் கிடையாது.
கிளம்பிய இடத்திலிருந்து ஒரே கோடு.
நம் தலைக்குப் பத்து கிலோமீட்டர் மேலே
காற்றில் உடைந்து ஒரு நீல மினுக்கு.
நொடியை நூறு கோடியாக உடைத்தால்
அதில் ஐந்தாறு சில்.
அவ்வளவுக்குத்தான் இத்தனை இருட்டு.

புரோட்டானே இல்லை, எலக்ட்ரான்தான் என்பார் வீப்கெ.
இந்த ஓட்டின் பேரால்
அவரும் உவாந்திரா கவெசெரியும்
மூன்று ஆண்டாகப் பேசிக்கொள்வதில்லை,
சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதைத் தவிர.

மாக்தலேனா கொஞ்ச நேரம் குடிக்காமல் இருந்தார்.
"அப்படியானால் அவர் மோதிய இடத்தில் பிறந்தவள் நான்.
எனக்கு இடம் தெரியும்.
ஒட்ஜிவாரோங்கோ, ரயில்வே குடியிருப்பு, எட்டாம் எண்."
தொலைநோக்கியைத் திருப்பச் சொல்பவர்போல்
எண்ணை மட்டும் இரண்டுமுறை சொன்னார்.
பிறகு ஜெனரேட்டரில் ஏதோ சத்தம் மாறியது,
எழுந்து போனார்.

நாலு இருபதுக்குத் தேய்பிறைக் கீற்று முளைத்தது.
கேமராக் கதவுகள் மூடிக்கொண்டன.
பதிவேட்டில் எழுதினேன்:
மேகம் இல்லை. காற்று தென்மேற்கு.
தேளின் வாலில், பின்னணியைக் கழித்தபின் மிகுதி, எழுபத்தொன்று.
குறிப்பு என்ற கட்டத்தில்
'மோதி' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

வெளிச்சம் வந்தது.
முதல் குருவி கண்ணாடி விளிம்பில் உட்கார்ந்து
தன்னையே சந்தேகமாகப் பார்த்தது.
மாக்தலேனா வாளியை எடுத்தார்.